கொன்யூர் கிளிக்கு உடம்பு சரியில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைத் தேடும் வழிமுறை

கொன்யூர் என்னும் சிறிய தென்னமெரிக்கக் கிளியை வளர்க்கும் வீட்டில் கூண்டுக்கு அடுத்தபடியாக வாங்க வேண்டியது ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு. பச்சைக் கன்னக் கொன்யூரின் எடை சுமார் 60 முதல் 80 கிராம். சன் கொன்யூர் 100 முதல் 120 கிராம் வரை இருக்கும். இவ்வளவு சிறிய உடம்பில் ஏழு கிராம் குறைந்தால் அது நம் கண்ணுக்குத் தெரியாது, ஏனெனில் இறகு எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. காட்டில் நோயாளியாகக் காட்டிக்கொள்ளும் பறவையே முதலில் இரையாகும் என்பதால், கிளிகள் தாங்கும் வரை நோயை மறைக்கின்றன. நாம் அறிகுறியைக் காணும்போது நோய்க்குப் பல நாள் வயதாகியிருக்கும். ஆகவே கீழே சொல்லப்படும் எந்த அறிகுறியாயினும் முதலில் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள்: காலையில் முதல் எச்சம் போட்ட பின், இரை தின்னும் முன் எடுத்த எடையைப் பழைய எடையோடு ஒப்பிடுங்கள், கடந்த பத்து நாட்களில் வீட்டில் என்ன மாறியது என்று யோசித்துப் பாருங்கள். பெங்களூரில் அல்சூரிலும் காக்ஸ் டவுனிலும் கிளி வளர்க்கும் நம் வீடுகளில் நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பகுதிக்கு விடை அந்த இரண்டாவது கேள்வியில்தான் கிடைத்தது.

எடை பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். பறவையைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். நாய், பூனை பார்க்கும் மருத்துவர்கள் எல்லோரும் பறவை பார்ப்பதில்லை. அதனால் பறவை நலமாக இருக்கும்போதே ஒருவரைத் தேடி வைத்துக்கொள்வது நல்லது. யாரும் அகப்படாவிட்டால் ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

இறகை உப்பிக்கொண்டு, கண் சொருகி உட்கார்ந்திருக்கிறது

மதிய வேளையில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, அலகை மெல்ல அரைத்தபடி தூங்கும் கொன்யூர் நலமாக இருக்கிறது என்று பொருள். குளித்த பின் நடுங்குவதும், சில கொன்யூர்கள் கூண்டுக்குள் மல்லாந்து படுப்பதும் கூட இயல்பானவையே. இரண்டு கால்களாலும் கம்பைப் பற்றிக்கொண்டு, பகலில் உப்பிய இறகோடு உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொள்கிற பறவைக்குத்தான் உடம்பு சரியில்லை.

இந்த நிலையில் எந்த நோயாக இருந்தாலும் முதல் உதவி வெப்பம். பறவையின் இயல்பான உடல் வெப்பமே 40 டிகிரிக்கு மேல்; நோயுற்றபோது அதைக் காத்துக்கொள்ளவே அதன் சக்தி முழுதும் செலவாகிறது. ஜனவரியில் நம் ஊர் இரவு வெப்பம் 15 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது, மொசைக் தரையுள்ள பழைய வீடுகளில் குளிர் இன்னும் உறைக்கும். ஒரு சிறிய கூண்டையோ, காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியையோ எடுத்து, அதன் ஒரு பக்கம் மட்டும் சூடாகும்படி வெளியே பழைய குண்டு பல்பு ஒன்றை வைத்து, உள்ளே 29 அல்லது 30 டிகிரி இருக்குமாறு வெப்பமானியைக் கொண்டு சரிபாருங்கள். மறு பக்கம் குளிர்ச்சியாக இருந்தால்தான் பறவை தனக்கு வேண்டிய இடத்துக்கு நகர முடியும். மின்சாரம் போய்விட்டால், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பது போதும்.

இரைக் கிண்ணத்தையும் கையால் கிளறிப் பாருங்கள். கிண்ணம் நிறைந்திருப்பதுபோல் தோன்றும். ஊதினால் மேலே இருந்த உமி பறந்து அடியில் ஒன்றும் இருக்காது. இதைவிட நுட்பமான தவறை நானே செய்திருக்கிறேன். விதையை நிறுத்திவிட்டு ஒரே நாளில் பெல்லட்டுக்கு (அரைத்து உருண்டையாக்கிய கடைத் தீவனம்) மாற்றினேன். எங்கள் பைனாப்பிள் கொன்யூர் (பச்சைக் கன்னக் கொன்யூரின் ஒரு நிற வகை) கிண்ணத்தருகே உட்கார்ந்து பெல்லட்டை நொறுக்கிக் கீழே தள்ளிக்கொண்டிருந்ததைத் தின்பதாக நினைத்துக்கொண்டேன். நான்கு நாளில் எடை 68 கிராமிலிருந்து 61 கிராமுக்கு இறங்கியிருந்தது. பெல்லட்டுக்கு மாற்றுவது சரியான முடிவுதான், ஆனால் அதற்கு மூன்று முதல் ஆறு வாரங்கள் வரை ஒதுக்கி, விதையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, தினமும் எடை பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும்.

வெறும் சூரியகாந்தி விதையில் வளரும் கிளிக்கு வைட்டமின் ஏ குறைந்து, வாயினுள் வெண்படலமும் மூக்கடைப்பும் அடிக்கடி வரும். ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேரட், முருங்கைக் கீரை, சிவப்பு மிளகாய் ஆகியவை அதற்கு நல்ல ஈடு. கிளிகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை என்பதால் கவலைப்பட வேண்டியதில்லை.

வாயைத் திறந்து மூச்சு விடுகிறது. மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுகிறது

இதுவே எல்லாவற்றிலும் அவசரமான அறிகுறி. பறந்து வந்து உட்கார்ந்த ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிட்டால் அது களைப்பு. ஏப்ரல் வெயிலில், பால்கனிக் கூண்டில், சிறகுகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தால் அது வெப்பம். நிழலுக்குக் கொண்டுவந்து, கால்களைக் குளிர்ந்த நீரில் நனையுங்கள், ஐஸ் வேண்டாம். இரண்டும் இல்லையென்றால் சமையலறைக்குப் போய்ப் பாருங்கள்.

பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. உடம்பெங்கும் பரந்த காற்றுப் பைகள் அதை இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. உயரப் பறக்க உதவும் அதே அமைப்பு, காற்றில் கலந்த நஞ்சையும் நம்மைவிட வேகமாக உள்ளே கொண்டுபோய்விடுகிறது. நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால், கல் 260 டிகிரிக்கு மேல் காய்ந்து, டெஃப்லான் பூச்சிலிருந்து நிறமில்லாத ஆவி கிளம்பும். நமக்கு மணம்கூடத் தெரியாமல் இருக்கலாம். அடுத்த அறையில் இருக்கும் கிளி சில நிமிடங்களில் செத்துவிழும். அப்பச் சட்டி, பணியாரக் கல், ஏர் ஃபிரையர், சில இஸ்திரிப் பெட்டிகள் ஆகியவற்றிலும் இதே பூச்சு இருக்கக்கூடும். கிளி வளர்க்கும் வீட்டில் இரும்புத் தோசைக்கல்லுக்குத் திரும்புவதைத் தவிர வேறு பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு இதில் மகிழ்ச்சிதான், இரும்புக் கல்லில்தான் முறுகல் சரியாக வரும் என்று அவர்கள் எப்போதும் சொல்லிவந்தார்கள்.

நம் வீடுகளுக்கே உரிய மற்றொன்று வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி. அதோடு ஊதுவத்தி, கற்பூரம், கொசுவத்திச் சுருள், அலமாரியில் போடும் அந்துருண்டை, அறை மணமூட்டும் ஸ்பிரே எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூசை செய்யும் நேரத்தில் கூண்டைக் கதவடைத்த வேறு அறைக்கு மாற்றி, சன்னலைத் திறந்து வைத்துப் புகை முழுதும் வெளியேறிய பின் கொண்டுவருவது எல்லோருக்கும் ஒத்துவரும் ஏற்பாடு. கொசுவுக்குச் சன்னல் வலையே போதும்.

புகைதான் காரணம் என்று தோன்றினால் பறவையை உடனே திறந்த வெளிக் காற்றுக்குக் கொண்டுபோங்கள். அங்கிருந்து நேரே மருத்துவரிடம் செல்லுங்கள், ஆக்சிஜன் தேவைப்படலாம். வாயில் தண்ணீரோ தேனோ ஊற்றக் கூடாது, அது மூச்சுக் குழலுக்குள் போய்விடும்.

மூச்சுத் திணறல் நாள்கணக்கில் மெல்ல மெல்ல வந்து, அதற்கு முன்பே கிளியின் குரல் கரகரப்பாக மாறியிருந்தால், பூஞ்சைத் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். சூன் முதல் அக்டோபர் வரையிலான மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவரை ஒட்டிக் கூண்டை வைப்பதும், தோலோடு வாங்கி நாள்பட்ட நிலக்கடலையைக் கொடுப்பதும் இதற்கு வழி செய்கின்றன. சிகிச்சை நீண்டது, வீட்டு வைத்தியம் கிடையாது.

தும்மல் மட்டும் தனியாக இருந்தால் பதற வேண்டாம். ஒரு நாளில் சில தடவை, மூக்கில் ஈரமில்லாமல் தும்முவது தூசியால் வருவது. மூக்கின் மேல் உள்ள இறகு நனைந்து ஒட்டியிருந்தால்தான் மருத்துவருக்கு வேலை.

எச்சம் மாறியிருக்கிறது

கூண்டுத் தட்டில் வெள்ளைக் காகிதம் விரியுங்கள். செய்தித்தாளின் அச்சில் நிறம் தெரியாது. நல்ல எச்சத்தில் மூன்று பகுதிகள் தனித்தனியே தெரியும்: பச்சையோ பழுப்போ ஆன, சுருண்ட மலம், அதன் மேல் சுண்ணாம்புபோல வெள்ளையான யூரேட் (சிறுநீரின் கெட்டிப் பகுதி), சுற்றிலும் தெளிந்த நீர். எந்தப் பகுதி மாறியது என்பதை வைத்தே காரணம் பிரிகிறது.

நீர் மட்டும் கூடி, மலம் தன் வடிவத்தோடு இருந்தால் அது வயிற்றுப்போக்கு ஆகாது. தர்பூசணியோ திராட்சையோ தின்ற பின், குளித்த பின், ஆட்டோவில் போய்வந்த பின் இப்படி இருக்கும். சில மணி நேரத்தில் சரியாகும். பழமே கொடுக்காமல் இரண்டு நாள் நீடித்தால் சோதிக்க வேண்டும். மலமே கரைந்து கூழாகி, பின்பக்க இறகில் ஒட்டினால்தான் அது வயிற்றுப்போக்கு. அப்போது குடிநீரை ஆராயுங்கள். கொன்யூர் தன் இரையைத் தண்ணீரில் நனைத்துத் தின்னும், அதே கிண்ணத்தில் குளிக்கவும் செய்யும். காலையில் வைத்த நீர் மாலைக்குள் சூப்பாகிவிடும். நாளுக்கு இரண்டு முறை கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, நாம் குடிக்கும் நீரையே வைப்பது நல்லது. டேங்கர் நீரை நாம் குடிப்பதில்லை, அதற்கும் கொடுக்க வேண்டாம்.

பீட்ரூட் கொடுத்த அன்று சிவந்த எச்சத்தைக் கண்டு அலறியவர்கள் பலர். ஆனால் பீட்ரூட் இல்லாமலே நீர்ப்பகுதி இளஞ்சிவப்பாக இருந்தால் ஈயமோ துத்தநாகமோ உடம்பில் ஏறியிருக்கலாம். கோழிக் கூண்டுக்குப் பயன்படும் துத்தநாகப் பூச்சுக் கம்பி வலையில் வீட்டிலேயே கூண்டு கட்டுவோர் இதைக் கவனிக்க வேண்டும்; கொன்யூர் கம்பியை இடைவிடாமல் கொறிக்கும். தார்போலக் கறுத்த மலம் வயிற்றின் மேற்பகுதியில் கசியும் ரத்தத்தைக் காட்டுகிறது. தின்ற விதை முழுதாக வெளிவந்து, நன்றாகத் தின்றும் எடை குறைந்துகொண்டே போனால், குடலின் நரம்பைத் தாக்கும் போர்னா வைரஸ் நோயும் காரணங்களுள் ஒன்றாக இருக்கலாம்.

யூரேட் எலுமிச்சைப் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. கிளமிடியா சிட்டாசி என்னும் பாக்டீரியா இதற்கு ஒரு முக்கியக் காரணம். அது மனிதருக்கும் பரவும். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் தலைவலியும் வறட்டு இருமலும் சேர்ந்து வந்திருந்தால், கிளி வளர்ப்பதை உங்கள் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அவராகக் கேட்கமாட்டார். பறவைக்குச் சிகிச்சை வழக்கமாக 45 நாள் டாக்ஸிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக். கடையில் கொடுக்கும் மஞ்சள் நிற மருந்துப் பொடியை ஐந்து நாள் தண்ணீரில் கலந்து வைத்து நிறுத்திவிடுவது நோயைப் போக்காது, மறைக்க மட்டும் செய்யும். நீரின் சுவை மாறினால் கிளி குடிப்பதையே நிறுத்திவிடுவதும் உண்டு. இந்தப் பழக்கத்தை நான் முழுவதுமாக எதிர்க்கிறேன்.

இரையைக் கக்குகிறது, குஞ்சின் தீனிப்பை காலியாகவில்லை

தலையை மேலும் கீழும் சீராக ஆட்டி, உங்கள் விரலருகே மெல்ல இரையைக் கொண்டுவந்து வைத்தால் அது அன்பு. கொஞ்சம் அசௌகரியமான அன்பு. தலையைப் பக்கவாட்டில் உதறி, கூண்டுச் சுவரிலும் தன் தலை இறகிலும் இரை சிதறி ஒட்டினால் அது வாந்தி, அவசரம். அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம், பூண்டு ஆகிய எதையாவது கொறித்ததா என்று வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

குஞ்சு வளர்ப்போரின் தொல்லை வேறு. கண் திறந்த சில நாட்களிலேயே குஞ்சை விற்று, கையால் ஊட்டினால்தான் பழகும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். தானாகத் தின்னப் பழகிய, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குஞ்சும் நன்றாகவே பழகும். ஊட்டிப் பழக்கமில்லாதவர் அதற்கு இளைய குஞ்சை வாங்காமல் இருப்பதே நல்லது. வாங்கிவிட்டவர்களுக்கு: கூழின் வெப்பம் 39 முதல் 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆறிய கூழ் தீனிப்பையில் (தின்றது முதலில் தங்கும் கழுத்தடிப் பை) தேங்கிப் புளிக்கும். அதிகச் சூடு தீனிப்பையை வேகவைத்துவிடும், அந்தப் புண் சில நாள் கழித்துத்தான் கழுத்தின் கீழ் தோலில் தெரியும். புறங்கையில் விட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள், வெப்பமானி வைத்துப் பாருங்கள். மைக்ரோவேவில் சூடாக்கிய கூழில் இடையிடையே கொதிப்பு மறைந்திருக்கும், அதனால் வெந்நீரில் கலப்பதே முறை. இரவு கடைசி ஊட்டலுக்குப் பின் காலைக்குள் தீனிப்பை முழுதும் காலியாகியிருக்க வேண்டும். காலியாகாத பையின் மேல் மறுபடி ஊட்டாமல், முதலில் குஞ்சு இருக்கும் பெட்டியின் சூட்டைச் சரிபாருங்கள். குளிர்ந்த குஞ்சுக்குச் செரிமானம் நின்றுவிடும்.

இறகு கொட்டுகிறது அல்லது தானே பிடுங்கிக்கொள்கிறது

தலையைப் பாருங்கள். தன் தலை இறகைத் தானே பிடுங்க எந்தக் கிளியாலும் முடியாது. மார்பும் தொடையும் மொட்டையாகித் தலை மட்டும் அழகாக இருந்தால் அது தன் வேலை. தலையும் மொட்டையானால் கூட இருக்கும் இணையோ நோயோ காரணம். இறகு உதிர்ந்து, உறை போர்த்திய புது முளைகள் இருபுறமும் ஒருசேரக் கிளம்பி, தோல் வெறுமையாகத் தெரியாவிட்டால் அது இறகுதிர் காலம்தான். புதிதாக வரும் இறகுகள் அடியில் நெரிபட்டதுபோல் குறுகி, முறுக்கிக்கொண்டு வந்தால் அலகு இறகு நோய் வைரஸுக்கான பரிசோதனை அவசியம். அது தொற்றும் என்பதால் முடிவு வரும்வரை மற்றப் பறவைகளைப் பிரித்து வையுங்கள்.

நோயில்லை என்று தெரிந்த பின்னரே மனச் சலிப்பைக் காரணமாகச் சொல்ல வேண்டும். அதற்கும் முன் பருவத்தைக் கவனிக்கலாம். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பெங்களூரின் காற்று உலர்ந்துவிடுகிறது. ஈரமான தென்னமெரிக்கக் காடுகளின் பறவை அந்த வறட்சியில் அரிப்புத் தாங்காமல் இறகைக் கடிக்கத் தொடங்கும். தினமும் காலையில் வெறும் நீரைப் பூந்தூறலாகத் தெளித்துக் குளிக்கவிட்டு, வெயிலில் உலரவிட்டால் பல பறவைகளிடம் இது நின்றுவிடும்.

பின் உறக்கம். கொன்யூருக்கு இரவில் 10 முதல் 12 மணி நேர இருட்டும் அமைதியும் வேண்டும். தொலைக்காட்சி பதினொரு மணி வரை ஓடும் கூடத்திலேயே கூண்டு இருந்தால் அது கிடைக்காது. கணவன், மனைவி இருவரும் காலையில் வொயிட்ஃபீல்டுக்குக் கிளம்பி இரவு திரும்பும் வீட்டில், ஒற்றைக் கிளி பதினோரு மணி நேரம் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. காட்டில் அதன் பகலில் பெரும்பகுதி இரை தேடுவதிலேயே கழியும். கிண்ணத்தில் குவித்துவைத்தால் அந்த வேலை கால் மணியில் முடிந்துவிடும். தினையையும் கம்பையும் காகிதத்தில் முடிந்து, பனையோலைக் கொட்டானில் ஒளித்து, கொட்டாங்குச்சியில் துளையிட்டுத் தொங்கவிட்டு, கொய்யாக் கிளையைத் தோலோடு கட்டிவிட்டு அந்த வேலையைத் திருப்பிக் கொடுங்கள். கழுத்துப் பட்டை போடுவது கடிப்பதை நிறுத்தும், காரணத்தை நிறுத்தாது. ஆண்டுக்கணக்கில் பிடுங்கிய இடத்தில் இறகு திரும்பாமலே போகலாம் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

கத்துகிறது, கடிக்கிறது

விடியலிலும் அந்தியிலும் கத்துவது கூட்டத்தை அழைக்கும் குரல். அதை நிறுத்த முடியாது, நிறுத்த முயலவும் கூடாது. பக்கத்துச் சுவரை ஒட்டிய அடுக்ககத்தில் இருப்பவர் சன் கொன்யூரை வாங்கும் முன்பே இதை யோசித்திருக்க வேண்டும். பச்சைக் கன்னக் கொன்யூர் எவ்வளவோ சாது. நீங்கள் அறையைவிட்டுப் போனதும் கத்தினால், திரும்ப வந்து அதட்டுவது அதற்குப் பரிசு. கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்தே மெல்லச் சீழ்க்கையால் பதில் சொல்லுங்கள். அதே சீழ்க்கையை அது கற்றுக்கொள்ளும். வழக்கமாகக் கத்தும் பறவை திடீரென்று ஊமையானால் அங்கே தராசை எடுங்கள்.

கடிப்பது ஒன்றிரண்டு வயதில் திடீரென்று தொடங்கினால் அது பருவம். கூண்டில் தொங்கும் துணிக் கூடாரத்தை முதலில் அகற்றுங்கள். அது கூடு என்ற எண்ணத்தைத் தருவதோடு, கொறித்த நூல் தீனிப்பையில் சிக்கவும் காலில் சுற்றவும் செய்யும். முதுகையும் சிறகடியையும் தடவாமல் தலையையும் கன்னத்தையும் மட்டும் கோதிவிடுங்கள்.

ரத்தம் வருகிறது

சுழலும் மின்விசிறியில் பட்ட பறவையை நேரே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கிளி வெளியே இருக்கும்போது விசிறி ஓடக் கூடாது. நகமோ வளரும் இறகோ முறிந்தால் சோள மாவை (கார்ன்ஃபிளார்) வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். 70 கிராம் பறவையின் உடம்பில் இருப்பதே சுமார் 7 மில்லி ரத்தம். பத்து நிமிடத்தில் நிற்காவிட்டால் காத்திருக்கக் கூடாது.

கூண்டின் தரையில் உட்கார்ந்து முக்குகிறது

ஆண் என்று சொல்லி வாங்கியதால் அது முட்டையிடாது என்று எண்ண வேண்டாம். கொன்யூரில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றே. இறகைக் கொண்டு செய்யும் டிஎன்ஏ பரிசோதனையில்தான் தெரியும். இணையில்லாத பெண்ணும் முட்டையிடும். வயிறு புடைத்து, காலை அகட்டி, வாலை அசைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தால் முட்டை சிக்கியிருக்கிறது. 30 டிகிரி வெப்பமும், பக்கத்தில் வைத்த வெந்நீர்ப் பாத்திரத்தின் ஈரமும் கொடுத்து, சில மணி நேரத்தில் முட்டை வராவிட்டால் இரவானாலும் மருத்துவரைத் தேடுங்கள். வயிற்றைப் பிசைந்தால் உள்ளே முட்டை உடைந்து உயிரே போகும். சுண்ணாம்புச் சத்துக் குறைவே பெரும்பாலும் காரணம் என்பதால் கணவாய் ஓட்டையும், வேகவைத்த முட்டையின் ஓட்டைப் பொடித்தும் கூண்டில் எப்போதும் வைத்திருங்கள். அந்தச் சத்து உடம்பில் சேரக் காலை வெயிலும் நேராகப் பட வேண்டும். கண்ணாடிச் சன்னல் வழியே வரும் ஒளி அதற்கு உதவாது.

இணை இருந்து குஞ்சு பொரிக்கவிட்டால், 2024இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி கொன்யூர் போன்ற அயல்நாட்டுப் பறவைகளை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பிறக்கும் குஞ்சுக்கும் அது பொருந்தும். இணையில்லாமல் இட்ட முட்டையை அன்றே எடுத்துவிட்டால் ஈடுகட்ட அது மேலும் மேலும் இட்டு இளைத்துப்போகும். மூன்று நான்கு வாரம் அடைகாத்து, தானாக அலுத்து எழுந்து போகும் வரை முட்டையை அங்கேயே விட்டுவிடுங்கள்.